ஏழு முப்பத்திரண்டு நின்ற ஸ்டேஷன்

அந்த ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் 'ஜன்னல் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாமல் பார்த்தால் பாதிப் பேருக்கு அவரை அடையாளமே தெரியாது. கடைத்தெருவில் எதிரே வந்து நின்று, எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று தலையைச் சொறிபவர்களுக்கு, அவர் இரண்டு கைகளாலும் தன் முகத்தைச் சுற்றிச் சட்டம் பிடித்துக் காட்டுவார். "அட, நம்ம ஜன்னல் சார்" என்று சிரிப்பார்கள். நல்ல பெயர்தான் வாங்கியிருந்தார். அந்த நல்ல பெயர்தான் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது என்பது பத்தொன்பது வருடமாக ஒருவருக்கும் தெரியாது.

அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது ஸ்டேஷனுக்கு நூறு வயது ஆயிற்று. நிலைய அதிகாரி, வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆன பெண். அவரை எல்லோரும் 'மேடம்' என்பார்கள். ஒரு காலை நேரக் கூட்டம் ஓய்ந்ததும் அவர் ஜன்னல் சாரின் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், வாசல்ல ஒரு பலகை வைக்கப்போறோம். ஒரு பக்கம் ஸ்டேஷனோட வரலாறு, இன்னொரு பக்கம் இங்க என்னென்ன வசதி இருக்குன்னு. மேலிடத்துல கேட்டேன், ரெண்டு வரி அனுப்பினாங்க. அதுல ஒரு வரி தப்பு. நீங்கதான் எழுதித் தரணும். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்கு என்ன மேடம் தெரியும்" என்று ஒப்புக்குச் சொன்னாரே தவிர, அன்று மத்தியானமே பேனாவைத் திறந்துவிட்டார்.

எழுத எழுத உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. செங்கல் சூளைக்காரர்களுக்காகத்தான் முதலில் இங்கே வண்டி நின்றது. அப்போது ஸ்டேஷன் என்று ஒன்றும் கிடையாது, ஒரு தகரக் கொட்டகை. ஏற வேண்டியவர்கள் கம்பத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள், வண்டி நிற்கும். யாரோ ஒரு புண்ணியவான் துணி காயப்போட்டு வண்டியை நிறுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. அதை எழுதி, பிறகு அடித்தார். சூளை போய்க் குடியிருப்புகள் வந்தன. பிளாட்பாரம் வந்தது, இரண்டாவது தண்டவாளம் வந்தது, மேம்பாலம் வந்தது. மேம்பாலத்தின் முதல் படி மற்றப் படிகளைவிட இரண்டு விரல் உயரம். கட்டியவன் செய்த கோளாறு. நாற்பது வருடமாக ஜனங்கள் அதே படியில் இடறி அதே ஆளைத் திட்டுகிறார்கள்.

வசதிகள் பக்கத்துக்கு வந்தார். இரு திசையும் சேர்த்துத் தினம் ஐம்பத்தெட்டு வண்டி. குடிதண்ணீர்க் குழாய் நான்கு. சைக்கிள் நிறுத்தக் கொட்டகை. டிக்கெட் தரும் இயந்திரம் இரண்டு. 'லிஃப்ட் உண்டு' என்று எழுதினார். 'இயங்கும்' என்று எழுத மனசு வரவில்லை.

அப்புறம், ஒரு வரலாறு என்றால் விட்டுப்போகக் கூடாதே என்று, கை தன் பாட்டுக்கு இதையும் எழுதியது: 'காலை 7.32 விரைவு வண்டி இருபத்தாறு வருடம் இங்கே நின்று சென்றது. போதிய பயணிகள் இல்லாததால் அந்த நிறுத்தம் ரத்துசெய்யப்பட்டது.'

பேனா அங்கேயே நின்றுவிட்டது. ஜன்னல் சாருக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது, பார்த்தீர்களா.

நடந்தது இதுதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், விரைவு வண்டிகள் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று முடிவுசெய்ய மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஏழு நாள் பிளாட்பாரத்தின் நடுவில் நின்று, 7.32-ல் ஏறுகிறவர்களின் தலையை எண்ண வேண்டும். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே கிழித்து, கட்டுக் கட்டாகக் குறிக்க வேண்டும். வேலை இவர் தலையில் விழுந்தது.

முதல் நாள் ஒழுங்காகத்தான் நின்றார். அறுபத்துமூன்று கட்டு, மேலே மூன்று கோடு. முந்நூற்றுப் பதினெட்டு பேர். இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கூரை அப்போது பிளாட்பாரத்தில் பாதிக்குக்கூடக் கிடையாது. இவருக்கு முதல் நாளிலிருந்தே சளி, மூக்கு அடைப்பு. எதற்கு நனைய வேண்டும் என்று அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, ஏழிலிருந்து ஏழரை வரை ஜன்னலில் எத்தனை டிக்கெட் போனது என்று பார்த்து அதைப் படிவத்தில் எழுதினார். டிக்கெட் இல்லாமல் யார் ஏறப்போகிறார்கள் என்று ஒரு நியாயம் வேறு. ஜன்னல் வழியாகவே உலகத்தைப் பார்த்துப் பழகியவருக்கு ஜன்னலுக்கு வருகிறவர்தான் பயணி. ஆனால் 7.32-ல் போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் வேலைக்குப் போகிறவர்கள், மாதப் பாஸ் வைத்திருப்பவர்கள். அவர்கள் ஜன்னல் பக்கம் ஏன் வருகிறார்கள்? குடையை மடக்கிக்கொண்டு நேரே பிளாட்பாரத்துக்கு ஓடினார்கள்.

நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்துநாலு என்று ஆறு நாள் எழுதினார்.

இதுவரைக்கும் இது தப்பு. சோம்பேறித்தனமான தப்பு என்று தள்ளிவிடலாம். ஏழாம் நாள் சாயங்காலம் படிவத்தை முடிக்கும்போது முதல் நாள் எண் மட்டும் மலை மாதிரி நின்றது. அப்போதுதான் பாஸ்காரர்கள் ஞாபகம் வந்தது. என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்துபோய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் 'தப்பு பண்ணிட்டேன், இன்னொரு வாரம் எண்ணிடறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். இவர் ஒரு ரப்பரை எடுத்தார். முந்நூற்றுப் பதினெட்டை அழித்து நாற்பத்தெட்டு ஆக்கினார். மற்ற நாட்களோடு ஒத்துப்போக வேண்டுமே. இந்தக் காகிதத்தை எல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். படித்தார்கள். மூன்றாம் மாதம் உத்தரவு வந்தது. அதைப் பசை தடவி அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் இவர்தான்.

பயணிகள் சங்கம் சண்டைக்குப் போனது. 'உங்கள் நிலையத்திலேயே எடுத்த கணக்கு' என்று பதில் வந்தது. மனு மேல் மனு போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அதே ஏழு எண்கள் திரும்பி வந்தன. ஜன்னல் சாரிடம் வந்துதான் புலம்புவார்கள். அவரும் உச்சுக்கொட்டுவார்.

அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். அக்கா வீட்டு மாடி அறையில்தான் வாசம். அக்கா நகரத்தில் ஒரு துணித் தொழிற்சாலையில் தையல் பிரிவு. எட்டரைக்குக் கதவைச் சாத்துவார்கள். 7.32 எட்டேகாலுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அது போனபின், எல்லா ஸ்டேஷனிலும் நின்று, வழிவிட்டு வழிவிட்டுப் போகும் வண்டிகள்தான். ஏழு ஐந்து வண்டி எட்டு முப்பத்தைந்துக்குப் போகும். ஐந்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். ஆகையால் ஆறு இருபது. அக்கா பதினாறு வருடம் ஆறு இருபதில் போனார். மகளுக்கு அப்போது ஏழு வயது. அத்தான் லாரி ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. பள்ளிக்கூட நாளில் மகள் கண் விழிப்பதை அக்கா அதற்கப்புறம் பார்த்ததே இல்லை.

இவர் என்ன செய்தார்? கெஞ்சிக் கேட்டு மத்தியான ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டு, காலையில் மருமகளுக்குச் சடை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினார். முதல் வருடம் சடை ஒரு பக்கம் கிழக்கே போகும், இன்னொரு பக்கம் மேற்கே போகும். பழகப் பழக நேராகிவிட்டது. அவள் பள்ளிக்கூடம் முடித்தபின்தான் இவர் காலை ஷிஃப்டுக்குத் திரும்பினார். "தம்பின்னா என் தம்பி மாதிரி இருக்கணும்" என்று அக்கா தெருவெல்லாம் சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் இவர் கூனிக்குறுகிப்போய் மாடிக்கு ஏறிவிடுவார். கூச்ச சுபாவம் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

எழுதியதை அன்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசையில் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய அசைய ஒரு வரி விடாமல் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கடா. அந்த மேம்பாலப் படியையும் விடலை பாரு." காகிதத்தை மேசையில் வைத்து விரலால் ஓர் இடத்தைத் தட்டினார். "இந்த ஒரு வரி மட்டும் எனக்கு இறங்கலை. போதிய பயணிகள் இல்லையாம். அப்போ நாங்கல்லாம் யாருடா? ஏறுறதுக்குள்ள ஒரு செருப்பு வண்டியில இருக்கும், ஒரு செருப்பு பிளாட்பாரத்துல கிடக்கும். எண்ணினவன் எவனோ, அவனுக்குக் கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு?"

ஜன்னல் சார் தண்ணீரைக் குடித்தார். குடித்த தம்ளரிலேயே மறுபடியும் ஊற்றிக் குடித்தார்.

"இன்னொண்ணு கேளு" என்றார் அக்கா. "சங்கத்துலேர்ந்து வந்தாங்க. முப்பத்தோரு வருஷம் விடாம பாஸ் எடுத்தது நான்தானாம். அந்தப் பலகைய நான்தான் திறந்து வைக்கணுமாம். என்ன புடவை கட்டுறதுன்னு இப்பவே யோசனையா இருக்கு."

அக்காவின் முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. இவர் எழுதிய பொய்யின் மேல் போர்த்திய துணியை அக்கா கையாலேயே விலக்கப்போகிறார்.

மூன்று நாள் மென்று முழுங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். அக்கா யாருடைய கால்சட்டைக்கோ கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த எவனோ நான்தான்."

"எந்த எவனோ?"

காகிதத்தை நீட்டினார். பென்சிலில் போட்ட கட்டுகள், அறுபத்துமூன்று, மேலே மூன்று கோடு. படிவத்தில்தான் அழித்திருந்தார், பிளாட்பாரத்தில் நின்று குறித்த இந்தத் தாளைக் கிழிக்கக் கை வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மழையையும், சளியையும், ரப்பரையும்.

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வாரம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "உனக்குச் சளின்னு ஃபிளாஸ்க்ல வெந்நீர் ஊத்தி, சாப்பாட்டு டப்பாவோட ஜன்னல்ல வந்து குடுத்துட்டுப் போனேன்."

"ஆமாக்கா."

"ஏழு நாளும் குடுத்தேன்."

"ஆமா."

"என்னை எண்ணினியா?"

அவர் வாயைத் திறந்தார். சொல்லக் கூடாதது என்று தெரிந்தும் அதுதான் வந்தது. "நீ பாஸ்க்கா. டிக்கெட் வாங்கலை."

"முதல் நாள்?"

"முதல் நாள் எண்ணினேன். அப்புறம் அழிச்சுட்டேன்."

வெளியே யாரோ குழாயைத் திறந்து விட்டிருந்தார்கள், தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது. அக்கா திட்டுவார், கையில் இருப்பதைத் தூக்கி எறிவார் என்று இவர் காத்திருந்தார். அதுவாவது நடந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அதுக்குத்தான் பிள்ளைக்குச் சடை பின்ன வந்தியா?" என்று கேட்டார் அக்கா.



"நான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன்" என்றார் அக்கா, தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு ஊசியை எடுத்துத் தையலைத் தொடர்ந்தார். அன்றிலிருந்து அவர் தம்பியோடு பேசவில்லை. வேளா வேளைக்குச் சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கும். எதிரில் ஆள் இருக்காது.

மறுநாள் ஜன்னல் சார் நடந்ததை ஒரு கடிதமாக எழுதி, பென்சில் தாளையும் இணைத்து மேடத்திடம் கொடுத்தார். மேடம் இரண்டு தடவை படித்தார்.

"சார், இதை நான் மேல அனுப்பினா உங்க மேல விசாரணை வரும். ரெண்டு மாசத்துல நிம்மதியா வீட்டுக்குப் போற ஆளு. யாரும் கேட்கலையே, இப்ப எதுக்கு?"

"கேட்கலைங்கறதுக்காகத்தான் மேடம் பத்தொன்பது வருஷம் சும்மா இருந்தேன்."

மேடம் கடிதத்தை மேலே அனுப்பும் கட்டில் வைத்தார். பலகையில் அந்த வரியை மட்டும் மாற்றி எழுதித் தரச் சொன்னார். 'நிலைய ஊழியர் ஒருவர் கொடுத்த பொய்யான கணக்கால்' என்று எழுதினார் இவர். 'தவறான' என்று மேடம் திருத்தினார். இவர் பேனாவை வாங்கி மறுபடியும் 'பொய்யான' என்று மாற்றினார். மேலிடத்து முடிவு வரும்வரை பலகைத் திறப்பைத் தள்ளி வைத்தார்கள்.

ஐந்தாவது வாரம் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று இவருக்கு, விசாரணைக்கு. இன்னொன்று ஸ்டேஷனுக்கு. ஒரு வாரம் 7.32 சோதனைக்காக நிற்கும். எண்ணுவதற்கு வெளியிலிருந்து இரண்டு பேர் வருவார்கள்.

விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா? யாரும் வந்து சட்டையைப் பிடிக்கவில்லை. ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. ஜன்னலுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு இயந்திரங்களின் முன்னாலும் வரிசை வாசல்வரை நின்றது. ஜன்னலுக்கு எதிரே காலி இடம். தினம் "என்ன ஜன்னல் சார்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், கடந்து போகும்போது கைப்பையில் எதையோ தேடுவார். காலை ஷிஃப்ட் வேண்டாம் என்று கேட்டிருக்கலாம். இவர் கேட்கவில்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்தாரோ அதே நாற்காலியில் உட்கார்ந்து, கூனிக்குறுகி அதை வாங்கிக்கொண்டார்.

சோதனை வாரத்தின் முதல் நாள் மழை. ஏழு மணிக்கே கூட்டம் நெரிந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு நடுவயதுப் பெண்ணும் ஓர் இளைஞனும் மழைச்சட்டை போட்டுக்கொண்டு, எழுதும் அட்டையில் தாளைச் செருகி, பிளாட்பாரத்தின் நடுவில் போய் நின்றார்கள். நனைந்துகொண்டேதான் நின்றார்கள். பக்கத்துக் கதவு திறந்திருந்ததால் ஜன்னல் சாருக்கு அவர்களுடைய முதுகு தெரிந்தது. அவ்வளவுதான் வேலை. ஒரு மழைச்சட்டை போதுமாயிருந்திருக்கும்.

ஏழு இருபதுக்கு வாசலில் ஒரு குடை மடங்கியது. அக்கா. பலகைத் திறப்புக்கென்று எடுத்து வைத்திருந்த புடவையைக் கட்டியிருந்தார். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது, நகரத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. இயந்திரங்களின் வரிசையைப் பார்த்தார். அதைத் தாண்டி, அந்தக் காலி இடத்தைக் கடந்து, நேரே ஜன்னலுக்கு வந்தார். ஆறு வாரத்தில் முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"கடைசி ஸ்டேஷனுக்கு ஒரு டிக்கெட் குடுங்க, சார்."

பிறந்ததிலிருந்து 'வாடா, போடா' தவிர வேறு எதையும் அந்த வாயிலிருந்து அவர் கேட்டதில்லை.

"அக்கா," என்றார். "நனைஞ்சுட்டு எங்கக்கா போற?"

"டிக்கெட் வாங்கினாத்தான் ஆளா எண்ணுவீங்கன்னு கேள்விப்பட்டேன், சார். அதான் வாங்க வந்தேன்."

கையை நீட்டிக் காத்திருந்தார். அவர் டிக்கெட்டை அடித்துக் கொடுத்தார். அது ஜன்னல் பள்ளத்தில் விழுந்தது, அக்காவே பொறுக்கிக்கொண்டார். வண்டி வந்தது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு 7.32 அங்கே நின்றது. ஜனம் முண்டியடித்து ஏறியது. கூட்டத்துக்கு நடுவே அந்தப் புடவை படியில் ஏறி உள்ளே போனதையும், மழைச்சட்டைக்காரப் பெண் தாளில் ஒரு கோடு இழுத்ததையும் அவர் கதவு வழியே பார்த்தார்.

அன்றைய கணக்கு நானூற்று இருபத்தேழு. நிறுத்தம் நிச்சயம் திரும்பி வரும் என்று மேடம் சொன்னார். சொல்லிவிட்டு, "உங்களாலதான் சார்" என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஜன்னல் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஏழு நாளும் அந்த ஜன்னலில் டிக்கெட் வாங்கினார். ஏழு நாளும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார்.